அத்தான், கொஞ்சம் இடது பக்கம்

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய். அன்றைக்கு உன்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்களே, கோட்டு போட்டவர்கள்கூட.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அக்கா. எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். சொன்னதை மட்டும் எழுது, உன் தம்பிக்காக ஒட்டுப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். (போடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? - அக்கா)

போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று அவளிடம் கேட்டாயாமே. போனில் என்றால் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் நீ கேட்டே ஆக வேண்டும்.

நீ கேமரா வாங்கின புதிதில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்தடியில் குடை ரிப்பேர்க்காரர் பக்கத்தில் என்னை நிற்க வைத்தாய். நீலச் சட்டை. காலரில் கஞ்சி கூடிப்போய்க் கழுத்தை அறுத்தது. "அத்தான், கொஞ்சம் இடது பக்கம்" என்றாய். நகர்ந்தேன். "சிரிங்க" என்றாய். சிரித்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம். வாரமெல்லாம் ஊரார் சட்டையைத் தேய்ப்பேன். சனிக்கிழமை இஸ்திரி வண்டியை மூடுவதற்கு முன்னால், கடைசிக் கரியில் என் சட்டையைத் தேய்ப்பேன். மறுநாள் நீ வருவாய். மீன் சந்தை, ரயில் கேட், சினிமா கொட்டகை வாசல் என்று எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றேன். நீ வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போன பிறகும், வருகிற போதெல்லாம் நின்றேன்.

துணி போட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் மச்சினன் என்னை எடுத்த மாதிரி ஒரு மனுஷனை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று. நீ மண்டபம் பிடித்துப் படங்களை மாட்டி ஊரைக் கூப்பிட்டபோது, எதிர்க்கடைத் தையல்காரரையும் ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்தார் பாவம்.

முதல் படமே பாலத்தடி. குடைக்காரர் பல்லில்லாமல் சிரிக்கிறார். நான் நின்ற பக்கம் வெறும் சுவர். தையல்காரர், "எங்க, உங்களைக் காணோமே?" என்றார். "அடுத்ததுல இருப்பேன்" என்றேன். அடுத்ததில் மீன்காரம்மா இருக்கிறாள், நான் இல்லை. "அந்த ரூம்ல இருப்பேன்" என்றேன். அந்த அறையிலும் இல்லை. கடைசியில் ஒரு படத்தில் ஓரமாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். "இது காதுங்களா, கதவுக் கைப்பிடிங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். அதனால்தான் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீ கேமராவை அமுக்கும்போது என்னைப் பார்த்தாயா, இல்லையா? இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் உனக்கு அத்தானா, விளக்குக் கம்பமா?

இது தெரிகிறவரைக்கும் நீ இந்த வீட்டுக்கு வர வேண்டாம். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்துக்கொள். (பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் நான் வர மாட்டேன். - அக்கா)

இப்படிக்கு,
அத்தான் (கைநாட்டு)


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்தே பழகிவிட்டேன். நானாக எழுதினால் எழுதுகிற வரியெல்லாம் பிழையாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்குத் தெரியும் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தெரிந்துதான் எனக்காக நடிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கேமரா வாங்கின புதிதில் தெருவில் அதைத் தூக்கினாலே போதும், ஆட்கள் விறைத்துப் போவார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் ஏன்டா என்று வருவார்கள். நான் கேட்டுவிட்டு எடுத்தால், உடனே தலையைச் சீவிக்கொண்டு கல்யாணப் படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுக்க வேண்டும். அந்தப் பாலத்தடியில் நிஜமாகவே உங்களைத்தான் எடுக்கப் போனேன். யாரோ வீட்டுப் படம் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடைக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதுவே என் வழியாகிவிட்டது. உங்களை எடுக்கிற மாதிரி நின்று, உங்கள் பக்கத்தில் இருப்பவர்களை எடுப்பேன்.

என்னை எடுத்ததைக் காட்டு என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால்தான் தெரியும் என்று நினைத்தேன். அக்காவும் சொல்லியிருப்பாள் என்று இருந்தேன். எல்லாப் படத்தையும் முதலில் பார்க்கிறவளே அவள்தானே.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அமுக்கும்போது உங்களைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் உங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்ல வரவில்லை.

இரண்டு நாளாகப் பழைய ஃபிலிம் சுருள்களைத் தேடினேன். முழுசாக நீங்கள் இருக்கிற படம் ஒன்று கிடைத்தது. பெரிய கடைத்தெருவில் எடுத்தது. கேமரா சாய்ந்ததில் தவறுதலாக விழுந்திருக்கிறீர்கள். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, யாரையோ திட்டுகிற மாதிரி கையைத் தூக்கியிருக்கிறீர்கள். இருந்தாலும் அது நீங்கள். பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரலாமா என்று இப்போது கேட்கவில்லை.

உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 2

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இதனை எழுதுபவர் தங்கள் அத்தான் வீட்டிற்கு எதிரே தையற்கடை வைத்திருப்பவர். கண்காட்சிக்கு வந்திருந்தேன், தங்களுக்கு நினைவிருக்கலாம். அவர் கூறுவதை அவ்வண்ணமே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளேன். ஐயா என்று எழுத வேண்டாம், அவன் என் மச்சினன்தான் என்கிறார். எழுதியாகிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

அவர் கூறுவது:

உன் அக்கா எழுதவில்லையே என்று பார்க்கிறாயா? உன் கடிதத்தை அவள்தான் வாசித்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் இருமினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு "கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தாள். எனக்கு எழுத்துதான் வராது, காது வரும். இருமலுக்கு முன்னும் பின்னும் ஒட்டவில்லை. மறுநாள் தையல்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் விழுங்காமல் வாசித்தார். ஆக, வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. ஏன்டி சொல்லவில்லை என்றால், "சனிக்கிழமை சட்டையைத் தேய்ச்சு ஹேங்கர்ல மாட்டிட்டு நாலு தடவை வந்து பார்ப்பீங்க. அதுல போய் எப்படிச் சொல்றது?" என்கிறாள். இரண்டு நாளாகப் பேச்சில்லை. காப்பி வருகிறது, பேச்சில்லை.

படத்தைக் காட்டு என்று ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ எனக்கென்று தனியாக ஒன்று பிரிண்ட் போட்டுக் கொடுப்பாய். அதற்குச் செலவாகும். உனக்கு முதலில் வேலை இல்லை, கிடைத்த பிறகும் அறை வாடகைக்கே தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். எங்கேயும் போய்விடாது, அவனிடம்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, நீ அனுப்பிய படம். அது திட்டுவது இல்லை. அன்றைக்கு நீ கடைத்தெருவின் நட்டநடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் பின்னால் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. பச்சை லாரி. பின்பக்கம் ஒரு விளக்கு உடைந்திருந்தது. கிளீனர் இறங்கிக் கடையில் பீடி வாங்கிக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கிக் கத்தினேன். நீ ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அசையாதீங்க அத்தான்" என்றாய். அதை லாரிக்காரனிடம் சொல்லியிருக்கலாம். அப்புறம் நான்தான் ஓடி வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவசரத்தில் பை கிழிந்தது. நீ கிழிந்த பைக்குத்தான் கோபப்பட்டாய்.

ரயில் கேட்டில் படம் எடுத்தபோது உன் பின்னால் ஒரு கறுப்பு நாய் வந்து உன் செருப்பை மோந்து பார்த்தது. சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற மனுஷன் நீ நகர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். உன் முதுகுப் பக்கம் நடந்ததெல்லாம் எனக்கு அப்படியே நிற்கிறது. நான் வேறு எதைப் பார்ப்பேன்? நீ அந்தப் பக்கம் பார்ப்பாய், நான் உன் பக்கம் பார்ப்பேன்.

நேராகப் பதில் சொன்னாய். அது நல்லது. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. படம் திரும்பி வருகிறது.

இவ்வளவே அவர் கூறியது. படத்தை உறையிலிட்டு ஒட்டும் முன் மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

இங்ஙனம்,
தையல்காரர் (அருகில் அவர் கைநாட்டு)


மார்ச் 13

அன்புள்ள அத்தானுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் கையெழுத்தைப் பார்த்தாலே அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் காய்கறிச் சந்தைக்குத் தனியாகப் போனேன். மூட்டைகளின் மேல் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே கூரை ஓட்டையிலிருந்து வெளிச்சம் அவர் நெற்றியில் மட்டும் விழுந்தது. கேமராவைத் தூக்கினேன். மூட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், அவருடைய மனைவியாம். "எதுக்கு எடுக்குறே? யாருக்குக் காட்டப் போறே? தூங்கறதுக்குக்கூட விட மாட்டியா?" என்று கேட்டாள். கேமராவை இறக்கினேன். கூட்டம் சேர்ந்தது. யாரும் அடிக்கவில்லை. யாரோ கேமராவைப் பிடித்து இழுத்தார்கள், நான் விடவில்லை, தக்காளித் தோல் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா மேல் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். நீங்கள் கூட இருந்திருந்தால் நான் கேமராவை எடுப்பதற்குள்ளாகவே அந்த அம்மாவின் ஊர் எது, எத்தனை பிள்ளைகள், எந்த முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை அவளே தட்டி எழுப்பி, சட்டையை மாட்டச் சொல்லியிருப்பாள்.

நேற்று மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். படங்களை நாளை இறக்குகிறார்கள். இதை இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை, அத்தான். யாருமே என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓரத்தில், படத்துக்கு வெளியே, யாரையோ பார்க்கிறார்கள். மீன்காரம்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறாள். ரயில் கேட்காரர் ஏதோ ஒரு கதைக்குக் காது கொடுக்கிறார். வந்தவர்கள் எல்லாம் இந்த முகங்களைத்தான் மெச்சினார்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். நானும் என்னவோ வெளிச்சம், பொறுமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லி உங்களை மடக்கப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதிலும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாலத்தடியில் அந்தக் குடைக்காரர் அப்படிச் சிரிக்கிறாரே, அவரிடம் என்ன சொன்னீர்கள்? நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் காதில் விழவில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 18

மாப்பிள்ளைக்கு,

எந்தக் கை என்று எழுதவில்லையே? இடது கையால் எழுதுகிறேன் என்றால் வலது என்றுதானே அர்த்தம் என்கிறாள் உன் அக்கா. ஆமாம், அவள்தான் எழுதுகிறாள். தையல்காரர் நான் சொன்னதற்கு ஜரிகை வைத்துத் தைக்கிறார், எனக்கே புரியவில்லை. (சமாதானமாகிவிட்டது என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டார். நான் எழுதுகிறேன். ஆகிவிட்டது. - அக்கா)

எலும்பு விலகியதா, முறிந்ததா? கட்டுக்கு மேலே விரல் வீங்கியிருக்கிறதா? தலையணை வைத்துக் கையைத் தூக்கி வைத்துப் படு. சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறாய்? உன்னை யார் தனியாகப் போகச் சொன்னது? சந்தை வாசலில் எந்நேரமும் தோல் கிடக்கும். கீழே பார்த்து நடக்கிற வழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது?

அந்த அம்மா கேட்டது நியாயம். நீயே சொல்லிவிட்டாய். அதனால் அதோடு விட்டேன்.

குடைக்காரர் சமாச்சாரம். நான் என் குடையை அவரிடம் காட்டி, "மாமனார் குடுத்தது. விரிச்சா மடங்காது, மடக்கினா விரியாது. அவர் பொண்ணும் அப்படித்தான். ரெண்டையும் சேர்த்து ரிப்பேர் பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் சிரித்தார். "என்கிட்ட குடைக்கு மட்டும்தான் கம்பி இருக்கு" என்று சொன்னார். (சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இவருடன் தனியாகப் பேசிக்கொள்கிறேன். - அக்கா)

சனிக்கிழமை ரயிலுக்கு நாங்கள் வருகிறோம். கட்டுப் பிரிக்கிறவரை உன் அக்கா சமைப்பாள். நான் உன் சட்டைகளைத் தேய்த்து வைக்கிறேன், அன்றைக்கு மண்டபத்தில் நீ போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன், முதுகில் மடிப்பு மடிப்பாக இருந்தது.

உனக்காக நான் நிற்க மாட்டேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோபம் இன்னும் இருக்கிறது. கோபத்தோடு வருகிறேன்.

அத்தான் (கைநாட்டு)


மே 4

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. அலமாரியைத் திறந்தால் எல்லாச் சட்டையும் எண்ணெய் தேய்த்துத் தலைசீவின பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. எடுத்துப் போடவே மனமில்லை.

நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். சந்தையில் அந்த அம்மாவைக் கண்டுபிடித்து, இவன் என் மச்சினன், கையை உடைத்துக்கொண்டவன் இவன்தான் என்று என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினீர்கள். அவள் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்ததையும், அவள் கணவர் எனக்கு ஒரு மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னதையும் நான் படமெடுக்கவில்லை. கேமரா தோளில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

ரயிலடியில் உங்களை மட்டும் எடுத்தேனே, அது இதோடு வருகிறது. கட்டுப் பிரித்த கை சரியாக வளையாததால் நேரம் ஆகிறது என்று உங்களிடம் சொன்னேன். கை மட்டும் காரணம் இல்லை. கேமராக் கண்ணாடிக்குள் உங்கள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். உங்கள் வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. பழைய தழும்பு. இத்தனை வருஷம் உங்களுக்கு எதிரில் நின்றும் எனக்குத் தெரியவில்லை. அது எப்போது வந்தது? இஸ்திரிப் பெட்டி பட்டதா?

நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இனிமேல்தான் நான் பதில் சொல்ல ஆரம்பிக்க முடியும் போலிருக்கிறது.

உங்கள்,
மாப்பிள்ளை


மே 12

மாப்பிள்ளைக்கு,

படம் வந்தது. உன் அக்கா அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். இப்போது தலை சீவ இடமில்லை.

தழும்பைக் கேட்டாய். இஸ்திரிப் பெட்டி இல்லை. நீதான். எங்கள் கல்யாணத்தன்று நான் உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, நீ வாசற்படியில் நின்று கையிலிருந்த பம்பரத்தை என் மேல் விட்டெறிந்தாய். உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. ரத்தம் வந்தது. இவன் வேலைதானா என்று உன் அப்பா உன்னை அடிக்கக் கையை ஓங்கினார். நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ என் பின்னால் ஒளிந்துகொண்டாய், என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. உனக்கு நினைவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னதில்லை. (எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். நிலைப்படி என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். - அக்கா)

படத்தைப் பற்றி. நன்றாகத்தான் இருக்கிறது. புருவம், தழும்பு, சட்டைக் காலர் எல்லாம் துல்லியம். தையல்காரர் காலரைத் தடவிப் பார்த்து, நல்ல தையல் என்றார், அவர் தைத்தது. ஆனால் எனக்கு அதை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. அதில் நான் தனியாக நிற்கிறேன். பக்கத்தில் ஒருத்தருமில்லை, பேசுவதற்கு ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். ரயிலடியில் அன்றைக்கு எவ்வளவு கூட்டம். சுமை தூக்குகிறவர் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோன கதையை அப்போதுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டாய். கதை பாதியில் நிற்கிறது. இத்தனை காலம் நான் கேட்டது இந்தப் படத்தைத்தான், வந்த பிறகு இதுவா என்று இருக்கிறது.

ஆகவே நீ வா. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வா. கையை ரொம்ப அசைக்காமல் வா. பை கனமாக இருந்தால் கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வந்தாலும் சரி.

கொண்டு வந்தால், வாசலில் என் பக்கத்தில் வந்து நில். நீயும் நானும். அப்படியென்றால் யார் எடுப்பது என்று உன் அக்கா கேட்கிறாள். தையல்காரர் எடுக்கட்டும் என்றேன். அவர் எடுத்தால் தலை வராது, கால்தான் வரும் என்கிறாள். வரட்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம் என்பது நமக்குத் தெரியும்.

அத்தான் (கைநாட்டு)